இருபது நிமிஷம்

பாம்பு கடித்த காலில் ஒரு கோயில் கயிறு. கணுக்கால் உப்பத் தொடங்கிவிட்டது. "வெட்டிராதீங்கம்மா, இருக்கன்குடியில கட்டுனது" என்கிறார் சம்சாரி, பல்லைக் கடித்துக்கொண்டு. வீக்கம் ஏறினால் கயிறு சதைக்குள் இறங்கிவிடும். கத்திரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. பெரிய சிஸ்டர் அதைத் தொடவில்லை. குனிந்து, நகத்தால் முடிச்சை நெம்பி நெம்பி அவிழ்க்கிறார். அவிழ்த்த கயிற்றை மற்றக் காலில் கட்டிவிட்டு, "ஆத்தா இந்தப் பக்கம் இருந்து பாத்துக்கிடுவா" என்கிறார்.

அரசு மருத்துவமனை, ஆண்கள் வார்டு, இரவு பத்து மணி தாண்டியாயிற்று. கட்டில்கள் நிறைந்து, மிஞ்சியவர்கள் தரையில் பாய் விரித்திருக்கிறார்கள். முப்பதுக்கு மேல் நோயாளிகள். டூட்டியில் இரண்டே சிஸ்டர்கள். பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இப்படிக் கணக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பெரிய சிஸ்டருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. காதோரம் நரை, மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரம். கூட இருக்கும் சின்ன சிஸ்டர் தொகுப்பூதியத்தில் வந்த பெண். 2015இல் இந்த முறையில் நர்சுகளை எடுத்தபோது மாதம் 7,700 ரூபாய் கொடுத்தார்கள். இப்போது தொகை கூடியிருக்கிறது. பணி நிரந்தரத்துக்கான வரிசை நீளமாகவே இருக்கிறது.

சம்சாரியின் கையிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு நிறுத்துகிறார்கள். இருபது நிமிஷம் அதை அசைக்கக் கூடாது. பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் நிம்மதி. தண்ணீராக ஓடினால் விரியன் வேலையைக் காட்டிவிட்டது என்று பொருள். விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும். பெரிய லேப் எதுவும் தேவையில்லாத பரிசோதனை. ஒரு குழாயும் ஒரு கடிகாரமும் போதும், நடுவில் யாரும் கூப்பிடாமல் இருந்தால்.

கூப்பிடாமல் இருப்பார்களா? ஒருவருக்கு ட்ரிப்ஸ் நின்றுவிட்டது. இன்னொருவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். ஓடிப்போய் ஓடி வந்த சின்ன சிஸ்டர், நேரத்தைப் பார்க்காமல் குழாயை எடுத்துச் சாய்த்துவிடுகிறார். சிவப்பாக ஓடுகிறது. "அக்கா, உறையலக்கா!" சம்சாரியின் வீட்டுக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுகிறார். பயிற்சி டாக்டர் திரும்பிப் பார்க்கிறார்.

பெரிய சிஸ்டர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்க்கிறார். பன்னிரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. "இது கணக்குல வராது சார். நான் வேற எடுத்து வைக்கிறேன்." யார் அவசரப்பட்டது என்ற பேச்சே அதில் இல்லை.

புதுக் குழாயை மேசையில் நிறுத்தி, பக்கத்தில் தன் கடிகாரத்தைக் கழற்றி வைக்கிறார். "இதப் பாத்துக்கிட்டு நீ இங்கயே உக்காரு. மத்த கட்டிலெல்லாம் நான் பாத்துக்கிடுறேன்."

இது உத்தரவா, சலுகையா என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டூட்டிக்கு வந்ததிலிருந்து அந்தப் பெண் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

அந்த இருபது நிமிஷத்தில் பெரிய சிஸ்டர் வார்டை ஒரு சுற்று வருகிறார். பக்கவாதக்காரரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைத்து முதுகைத் துடைக்கிறார். குடியை விட்டதில் கை நடுங்கிக் கத்திக்கொண்டிருக்கும் இளைஞனின் தோளில் கை வைத்து, "ராத்திரிதாம்ப்பா கஷ்டம், விடிஞ்சா கொறையும்" என்கிறார். வேர்த்துப்போய்க் கிடக்கும் சுகர் தாத்தாவுக்கு விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு, ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீரும் தன் பையிலிருந்து பிஸ்கட்டும் கொடுக்கிறார். திரும்பும் வழியில் சம்சாரியின் வீட்டுக்காரம்மாவிடம், "நீங்க எதும் சாப்ட்டீங்களா?" பதில் வரவில்லை. இரண்டு பிஸ்கட் அந்தக் கைக்கும் போகிறது.

"அக்கா, இருபது ஆச்சு. உறையல." இந்தத் தடவை சின்னவர் குரல் உயரவில்லை.

டாக்டர் பத்து வயல் எழுதுகிறார். உள்ளே தூளாக இருக்கும் மருந்து. தண்ணீர் விட்டு, நுரைக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். சின்னவர் கரைக்க, பெரியவர் அட்ரினலின் ஊசியை ஏற்றித் தட்டில் தயாராக வைக்கிறார். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து என்பதால் சிலர் உடம்புக்கு ஆகாது. "அரிச்சாலும் குளுந்தாலும் ஒடனே சொல்லிரணும்ய்யா." இருவரும் சொட்டைப் பார்க்கவில்லை, சம்சாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மே 12 நைட்டிங்கேல் பிறந்த நாள். அவர் பெயரில் 1973 முதல் மத்திய அரசு நர்சுகளுக்குத் தேசிய விருது கொடுத்துவருகிறது. கொடுக்கட்டும், நல்ல காரியம். ஆனால் அந்தக் கயிற்றை வெட்டாமல் அவிழ்த்ததை விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

விடிகாலை எடுத்த குழாய் உறைந்திருந்தது. ஏழு மணிக்குக் காலை டூட்டி சிஸ்டர்கள் வந்து, கட்டில் கட்டிலாக ஒப்படைப்பு நடக்கிறது. "பதினாலு, பாம்புக்கடி. பத்து வயல் போயிருக்கு. அஞ்சேகால் மணி ட்யூப் உறைஞ்சிருச்சு. ராத்திரி பூரா பாத்தது இந்தப் புள்ளதான், விவரம் இவகிட்ட கேளுங்க."

எல்லோர் தலையும் சின்ன சிஸ்டர் பக்கம் திரும்புகிறது. ஒரு கணம் தடுமாறிவிட்டு, "யூரின் கலர் நார்மல். வீக்கம் எதுவரைக்கும்னு பேனாவுல கோடு போட்டு வச்சிருக்கேன், அதுக்கு மேல ஏறல. அடுத்த ட்யூப் பதினொண்ணேகாலுக்கு" என்கிறார். பெரியவர் அதற்குள் பதினைந்தாம் கட்டிலில், சுகர் தாத்தாவின் சீட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.