எதைக் காட்டுவது என்பது அவர் விருப்பம்

அமெரிக்காவில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களே, ஐ-9 படிவம் நிரப்ப வருபவரிடம் "கிரீன் கார்டு எங்கே?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்க 1986 சட்டத்தால் வந்த படிவம் இது. குடிமக்களும் நிரப்பியாக வேண்டும். ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியலில் உள்ளவற்றில் எதைக் காட்டுவது என்பதை வேலைக்கு வருபவர்தான் முடிவு செய்வார், நாம் அல்ல.

சமீபத்தில் ஒரு பெண் ஓட்டுநர் உரிமத்தையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் மேசையில் வைத்தார். அட்டையில் வேலைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் வாசகம் எதுவும் இல்லை. சட்டப்படி அந்த இரண்டே போதும். பக்கத்திலிருந்த மேலாளர் அந்தப் பெண்ணின் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "விசா பேப்பர்?" என்றார். அந்தப் பெண் பதறிப்போய்க் கைப்பையைத் துழாவ ஆரம்பித்தார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. எடுக்க வேண்டாம் என்றேன். உச்சரிப்பை வைத்துக் கூடுதல் ஆவணம் கேட்பது பாகுபாடு, அபராதமும் உண்டு.

இன்னொன்று: கிரீன் கார்டு தேதி முடிந்தாலும் நிரந்தரவாசியை மறுபடி சரிபார்க்கக் கூடாது. வேலை அனுமதிக்குக் காலக்கெடு உள்ளவருக்குத்தான் மறு சரிபார்ப்பு.

ஆவணப் பட்டியல் படிவத்தோடே வருகிறது. சேர்ந்த 3 வேலை நாட்களுக்குள் சரிபார்த்தால் போதும். பட்டியலை முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.