கேட்டது பணம், வேண்டியது தறி

வழக்கு சின்னதுதான். காஞ்சிபுரம் முன்சீப் கோர்ட்டில் ஒரு புரோநோட்டு வழக்கு. அசல் 28,000 ரூபாய், வட்டி தனி. வாதி பட்டுச் சேலை முதலாளி. பிரதிவாதி திருமுக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தறி போட்டிருந்த நெசவாளர். 2000-களின் தொடக்கத்தில் நான் அவருக்காக ஆஜரானேன்.

"பணமே வாங்கல சார். வெத்து நோட்டுலதான் கையெழுத்து வாங்கினாரு" என்றார். அதையே எதிருரையில் எழுதித் தாக்கல் செய்தேன். கையெழுத்து நம்முடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டால், பணம் கைமாறியதாகவே கோர்ட் அனுமானித்துக்கொள்ளும். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் எங்கள் தலையில்.

விசாரணைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். குழித்தறியில் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு கோர்வைச் சேலை. கோர்வைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை இருந்தால்தான் நடக்கும். அங்கே அந்தக் கை அவருடைய பதினோரு வயது மகனுடையது. கூலி சேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகத்தான் வரும். துணைக்கு ஆள் வைத்தால் அவனுக்கான சம்பளம் நெசவாளரின் கூலியிலிருந்தே போகும். பையனைப் பள்ளிக்கு அனுப்பாத அப்பனைக் கண்டிக்க வேண்டும் என்று நினைத்துப் போன எனக்கு, அந்தக் கணக்கைக் கேட்டதும் பேச்சு வரவில்லை.

கிளம்பும்போது அவர் மனைவி வாசலில் நிறுத்தினார். "பணம் வாங்கினது நெசம் சார். நாத்தனார் கல்யாணத்துக்கு."

நெசவாளர் தலை குனிந்துகொண்டார். பிறகுதான் முழுக்கதையும் வந்தது. பாவு நூல் கொடுக்கும் முதலாளியே முன்பணமும் கொடுப்பார். நெய்துகொண்டிருக்கும்வரை வட்டி கேட்க மாட்டார். பாக்கி இருக்கும்வரை வேறொருவருக்கு நெய்யக் கூடாது, அவ்வளவுதான். கூலி உயர நெசவாளருக்கு இருந்த வழி ஒன்றே: இன்னொரு முதலாளி பழைய பாக்கியை அடைத்துக் கூட்டிப்போக வேண்டும். இவரும் ஒருவரிடம் பேசி வைத்திருந்தார். பழைய பாக்கியே இல்லை என்று தீர்ப்பாகிவிட்டால், புதியவர் தரும் தொகை முழுதும் கையில் நிற்கும். அந்த நப்பாசையில் வந்த பொய்.

பொய்யை வைத்து வழக்கு நடத்த மாட்டேன் என்றேன். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தையும் எடுத்துச் சொன்னேன். கடனைக் காட்டி ஒருவரை வேறிடம் போக விடாமல் கட்டிப்போட்டது நிரூபணமானால், அந்தக் கடனே ஒழிந்துபோகும். அவர் பதறிவிட்டார். "வேணாம் சார். அப்புறம் எவன் எனக்கு முன்பணம் கொடுப்பான்? இன்னொரு தங்கச்சி இருக்கா." அவரை விடுவிக்கும் சட்டமே அவருக்குப் பயமாக இருந்தது.

திரும்பும் வழியில் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் நின்றேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு அங்கே இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையைப் பற்றி அது பேசுகிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சத்திர சிகிச்சை செய்பவர், பணிப்பெண்கள், மூலிகை கொண்டுவருபவர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கூலி. யாருக்கு எவ்வளவு, எதற்காக என்பது ஊர் பார்க்கக் கல்லில் இருக்கிறது. என் கட்சிக்காரர் வாழ்க்கையைக் கட்டிப்போட்ட கணக்கோ முதலாளி வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது.

கோர்ட் அனுமதியோடு கூடுதல் எதிருரை போட்டு, முன்பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டோம். குறுக்கு விசாரணையில் வாதியிடம் கேட்டேன்: "நாளைக்கே அசலும் வட்டியும் கட்டிவிட்டால், வாங்கிக்கொண்டு இவரை விட்டுவிடுவீர்களா?"

சற்று நேரம் பேசாமல் நின்றார். "பணம் கிடக்குது சார். தறி ஓடணும்."

நீதிபதி அந்தப் பதிலை அப்படியே பதிவு செய்தார். வாதியையும் நான் குறை சொல்ல மாட்டேன். முகூர்த்த மாதத்துக்குக் கடைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நடுவில் நெசவாளர் போய்விட்டால் அவர் பேச்சு கெடும். இருவருக்கும் பயம்தான். ஒருவர் பயத்துக்குப் புரோநோட்டு என்று பெயர், இன்னொருவர் பயத்துக்குப் பொய் என்று பெயர்.

லோக் அதாலத்தில் வழக்கு முடிந்தது. அங்கே சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதுவும் வாதியின் மனதை இளக்கியிருக்கும். வட்டி தள்ளுபடி. அசல், சேலைக்கு இவ்வளவு என்று கழியும். ஒவ்வொரு கழிவும் இரண்டு நோட்டுப் புத்தகத்தில் ஏறும், ஒன்று நெசவாளர் வீட்டில் இருக்கும். கையில் இருப்பதை நெய்து கொடுத்த பிறகு எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

இரண்டு ஆண்டு கழித்து அவர் என் ஆபீசுக்கு வந்தார். இரண்டாவது தங்கைக்குக் கல்யாணம். புது முதலாளியிடம் மறுபடி முன்பணம் வாங்கியிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. கோர்ட் வழக்கைத்தான் முடித்தது, அவர் வீட்டுத் தேவையை அல்ல. பையிலிருந்து நோட்டை எடுத்து என் மேஜையில் விரித்தார். "இந்தத் தடவை முதல்லயே எழுதி வாங்கிட்டேன் சார்" என்றார். சேலைக் கூலிக்குப் பக்கத்தில் கோடு போட்டு, கோர்வை ஆள் கூலி தனியாக எழுதியிருந்தது.

"பையன்?" என்றேன்.

"எட்டாவது படிக்கிறான்."