பால் கவரும் மாத்திரை அட்டையும்

எபாக்ஸிப் பசை கலப்பதற்கென்றே சின்னக் கிண்ணங்கள் விற்கிறார்கள். சிலிக்கோனில் செய்தவை. மிஞ்சிய பசை அதில் இறுகிப் போனாலும் கிண்ணத்தை மடக்கிப் பிதுக்கினால் கட்டி தனியாக வந்து விழும். நல்ல சாமான்தான். ஆனால் தண்ணீர் பாட்டிலின் மூடியிலும் இதே காரியம் நடக்கிறது. மூடி பாலிதீன் இனம். எபாக்ஸிக்கு அதன் மேல் பிடிப்பு கிடைப்பதில்லை. மறுநாள் ஒரு தட்டுத் தட்டினால் பசை வில்லையாகக் கழன்றுவிடும். தெருவெல்லாம் மூடி கிடக்கிற ஊரில் இந்த வேலைக்கு ஒரு கிண்ணத்தைக் காசு கொடுத்து வாங்குவது, தேவையில்லாத இடத்தில் உரிச்சொல் போடுகிற மாதிரி.

இதை எளிமைக்குப் பாடிய புகழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எளிமை பற்றிய உபதேசங்கள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ‘ஜுகாட்’ என்ற ஹிந்தி வார்த்தையை வைத்துக்கொண்டு, நிர்வாக இயல் புத்தகங்கள் இல்லாமையையே ஒரு மேதமையாகக் காட்டும் வித்தை இன்னும் எரிச்சல். நான் மூடியை எடுப்பது பொருத்தத்துக்காக. மலிவாக இருந்தும் பொருந்தாதவை வீட்டில் நிறைய உண்டு. தெர்மோகோல் கிண்ணம் மலிவு. பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டும் சிமெண்டை அதில் விட்டால் கிண்ணம் கரைந்து மேசையில் ஒழுகும். மாடலும் பாலிஸ்டைரீன், தெர்மோகோலும் பாலிஸ்டைரீன்; அந்த சிமெண்டின் வேலையே அதைக் கரைத்து ஒன்றாக்குவதுதான். பழைய வேட்டித் துணி மலிவு; ஆனால் பெவிக்விக் வகைப் பசை பருத்தியில் ஊறினால் சட்டென்று சூடேறிப் புகையும், விரலைச் சுடும்.

மூடியிலும் குறை இல்லாமல் இல்லை. உட்புறத்தில் ஒரு வளையம், ஓரத்தில் மடிப்பு. அந்த மூலைகளில் கலக்காத பசை ஒளிந்துகொள்ளும். எபாக்ஸியில் ரெஸின் ஒரு குழாய், ஹார்டனர் ஒரு குழாய். இரண்டும் சம அளவில் சேர்ந்து, ஒன்றையொன்று முழுக்கத் தொட்டால்தான் இறுகும். தொடாத இடம் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காயாது, கூடின பங்கு வேலையில்லாமல் உள்ளேயே தங்கிப் பசையை மெத்தென்று ஆக்கும். இன்னொரு விஷயம், ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் அதன் சூடு அதற்குள்ளேயே தங்கி, பசை வேகமாக இறுகிவிடும். பரப்பி வைத்தால் சூடு வெளியேறும், அவகாசம் நீளும். ஆகவே எனக்கு வேண்டியது குழியான பாத்திரமல்ல, மூலையில்லாத தட்டையான பரப்பு.

அதற்கு நான் கண்டவற்றில் சிறந்தது ஆவின் பால் கவர். அதுவும் பாலிதீன்தான். ஓரத்தை வெட்டி விரித்து, சோப்புப் போட்டுக் கொழுப்புப் போகக் கழுவி, காயவைத்து, ஒரு ஓட்டுத் துண்டின் மேல் நாலு மூலையிலும் டேப் ஒட்டினால் போதும். கொழுப்பு போகாவிட்டால் பசை கெடும். இரண்டாம் தரம் கழுவுவது அவசியம். எங்கள் வங்கியின் மாதக் காலண்டர் தாளும் பரவாயில்லை. அதன் வழவழப்பில் பசை அவ்வளவாக ஊறுவதில்லை. சாதா அட்டை உறிஞ்சும். கிளற ஈர்க்குச்சி. பல்குச்சி உருண்டை, அடியில் உள்ளதை வழிக்காது. ஈர்க்குச்சியைப் பட்டையாகச் சீவிக்கொள்ளலாம். ஐஸ் குச்சி பெரிய வேலைக்கு. பெவிக்விக்கைத் துளியிலும் துளியாக வைக்க, தையல் ஊசியின் காதை அராவித் திறந்து, இரண்டு கிளையாக்கி, ஒரு பென்சில் கட்டையில் செருகிக்கொள்வது. அந்தக் கவைக்குள் ஒரு சொட்டு நிற்கும், தொட்ட இடத்தில் இறங்கும். இடைவெளி அடைக்க சமையல் சோடாவின் மேல் அந்தச் சொட்டை விட்டால் கண்ணெதிரே கல்லாகும். தேய்க்க வேண்டிய இடமானால் சோடா வேண்டாம், முகப்பவுடர். அது அரத்துக்கு வழிவிடும்.

அளவுக்கு மாத்திரை அட்டை. பத்து மாத்திரையை எடுத்தபின் எஞ்சும் பத்துக் குழிகளும் ஒரே அச்சில் பிறந்தவை. ஒரு குழியில் ரெஸின், பக்கத்துக் குழியில் ஹார்டனர், விளிம்புக்குச் சமமாக வழித்துவிட்டு இரண்டையும் பால் கவருக்கு மாற்றினால் கண்ணளவை விட நம்பலாம். குழியில் ஒட்டிக்கொண்டு வராமல் போவதும் ஏறக்குறைய இரண்டிலும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் மாத்திரை அட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அப்பாவுக்கு ஐந்து வருஷமாகப் பார்க்கின்சன். லெவோடோபா ஒரு நாளைக்கு நாலு வேளை.

அப்பா தச்சர். கட்டில், நிலவு செய்கிற தச்சரல்ல. கோவையில் வார்ப்படப் பட்டறைகளுக்கு மரத்தில் அச்சு செய்து கொடுத்தவர். பம்பு, மோட்டார் உடல்களெல்லாம் இரும்பாவதற்கு முன் மரமாக அவர் கையில் இருந்தவை. வார்த்த இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று வீதம் சுருங்கும். அதற்காக அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். அங்குலங்கள் கொஞ்சம் நீண்ட ஒரு அடிக்கோல் அவரிடம் இருந்தது. சின்ன வயதில் அதை வைத்துப் பள்ளிக்கூட நோட்டில் கோடு போட எனக்கு அனுமதி கிடையாது. பொய்யான கோல் என்று நான் நினைத்திருந்தேன். நடக்கப்போவதை முன்கூட்டியே சேர்த்துக்கொண்ட கோல் என்பது பிறகு தெரிந்தது.

அவருடைய பசை வஜ்ஜிரம். முதல்நாள் ஊறப்போட்டு, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, கொதிக்கவிடாமல் இளக்க வேண்டும். தோலும் எலும்பும் காய்ச்சின வாசனை வீடெங்கும். எபாக்ஸியை அவர் மதிக்கவில்லை. “வஜ்ஜிரத்துல ஒட்டுனா நாளைக்கு வேணும்னா இளக்கிப் பிரிக்கலாம். இது பிரிச்சா மரமில்ல ஒடையும்?” என்பார். நியாயமான ஆட்சேபணை. வயலின் செய்கிறவர்கள் இன்றும் அந்தப் பழைய பசையை விடாததற்கு இதுவே காரணம். பழுது பார்க்க வேண்டிய பொருளுக்குப் பிரிக்கக்கூடிய பசை வேண்டும். 2020ல் அரால்டைட்டின் இந்திய வியாபாரத்தை பெவிகால்காரர்களான பிடிலைட் வாங்கிக்கொண்டதைச் சொன்னபோது, “ரெண்டும் ஒரே வூட்டுதா?” என்று கேட்டுவிட்டுப் பேச்சை விட்டுவிட்டார்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் வைத்தியர் 1817ல் இந்த நோயைப் பற்றி எழுதிய சிறு நூலின் தலைப்பிலேயே ‘கட்டுரை’ என்ற சொல் இருக்கிறது. அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. விமர்சகன் பொறாமைப்பட வேண்டிய கட்டுரை. சும்மா இருக்கும்போது கை ஆடுவது, ஒரு வேலையில் ஈடுபட்டதும் ஆட்டம் தணிவது, இதுதான் இந்த நடுக்கத்தின் விசித்திரம். மடியில் கிடக்கிற அப்பாவின் வலது கை, பீடி உருட்டுகிறாற்போல் கட்டைவிரலும் சுட்டுவிரலும் உரசிக்கொண்டே இருக்கும். ஒருநாள் நான் கலக்கிக்கொண்டிருந்த ஈர்க்குச்சியை அவர் வாங்கிக்கொண்டார். வாங்கின கை நின்றுவிட்டது. “அந்தப் பக்கம் இன்னும் கோடு கெடக்குது பாரு, கண்ணு” என்றார். ரெஸினும் ஹார்டனரும் சேராத இடத்தில் தண்ணீரில் கரையும் சர்க்கரைபோல் மெல்லிய கோடுகள் தெரியும். கண்ணாடி போட்ட எனக்குத் தெரியவில்லை, எழுபத்திரண்டு வயசுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து பசை கலப்பது அவர் இலாகா. கையில் படக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஹார்டனர் அடிக்கடி பட்டால் தோல் அதற்குப் பகையாகிவிடும்.

அப்போது நான் ஒட்டிக்கொண்டிருந்தது ஏர்பிக்ஸ் பெட்டி ஒன்று, 1/72 அளவில் மஸ்கிட்டோ விமானம். இறக்கையின் முனையிலிருந்து முனைக்கு 23 சென்டிமீட்டர். பழைய ஏர்பிக்ஸ் தாள்களில் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் சொல்லி, எதை எதோடு சேர் என்று வாக்கியங்கள் இருந்தன. பிறகு வாக்கியங்கள் போய்ப் படமும் அம்புக்குறியும் எண்ணும் வந்தன. உலகம் முழுக்க விற்க இது வசதி. ஆனால் எண் 34ஐ எண் 35ல் ஒட்டியவனுக்குத் தான் ஒட்டியது என்னவென்று தெரியாது. பெயர் தெரிந்து செய்வதும் தெரியாமல் செய்வதும் ஒரே செயலா? நம் விமர்சனக் கட்டுரைகளிலும் இப்படி அம்புக்குறியும் எண்ணுமாக ஓடுபவை உண்டு. இங்கே அந்தச் சண்டை வேண்டாம்.

மஸ்கிட்டோ மரத்தால் செய்யப்பட்ட போர்விமானம் என்று நான் சொல்லப் போக, “மரத்துல செஞ்ச ஏரோப்ளேன இதுல எதுக்குடா பண்றே?” என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் இல்லை. 1941ல் சேவைக்கு வந்த அந்த விமானத்தின் உடல், ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவில் பால்சா மரம் வைத்து ஒட்டிய அடுக்கு. மஹாகனியிலோ கான்கிரீட்டிலோ செய்த அச்சின் மேல் பலகைகளை வளைத்துப் படியவைத்து, இடப்பாதி ஒன்று வலப்பாதி ஒன்று என்று தனித்தனியாகச் செய்து, உள்ளே கம்பிகளும் குழாய்களும் பொருத்தியபின் இரண்டையும் நெடுக்கில் சேர்த்தார்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரியேதான் நிஜ விமானமும். மேஜை நாற்காலி செய்த பட்டறைகளுக்கெல்லாம் அந்த யுத்தத்தில் இதில் வேலை இருந்தது. முதலில் பயன்படுத்தியது பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை. கீழை நாடுகளின் ஈரப்பதத்தில் அது தாங்காமல் செயற்கைப் பசைக்கு மாறினார்கள். 1944ல் இந்தியாவிலிருந்த மஸ்கிட்டோக்கள் சில நொறுங்கி விழுந்தன. பசையின் குற்றமா, சேர்த்த கையின் குற்றமா என்று விசாரணை நடந்தது. இந்தக் கதையில் அப்பாவுக்குச் சுவாரஸ்யம் இருந்த இடம் அச்சு. “தேக்குல பாதி ஒடம்பு செதுக்கிட்டா எத்தன வேணா எடுக்கலாமே” என்றார். பத்து வருஷத்துக்குப் பின் அவர் ஒரு அச்சைப் பற்றிப் பேசியது அதுதான்.

ஆகவே ஏர்பிக்ஸ் பெட்டி பரணுக்குப் போயிற்று. இப்போது நடப்பது 1/24. உடல் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். தேக்கில் அச்சு அவர் சொல்லச் சொல்ல நான் செதுக்கியது. உளி என் கையில் இருந்தாலும் அந்த வளைவு அவருடையது. மூக்கருகே கால் மில்லி குறைக்கச் சொல்லி மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அச்சின் மேல் பால் கவரைச் சுற்றி, அதன் மேல் அரை மில்லிகூட இல்லாத ஒட்டுப்பலகைப் பட்டைகளைப் பசை தடவிப் படுக்கவைத்து, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுகச் சுற்றுகிறோம். கவர் இல்லாவிட்டால் அச்சும் விமானமும் ஒன்றாகிப் பிரியாது. வெளிநாட்டுப் புத்தகங்களில் இதற்கென்று மெழுகும் தனிப் படலமும் எழுதியிருக்கிறது. இரண்டு கவர் போதுமானதாக இருக்கிறது.

கவிஞரான நண்பர் ஒருவர் வந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, மூன்று வருஷமாக நான் எழுதாமல் இருக்கிற நீண்ட கட்டுரையை நினைவூட்டினார். “பொம்மைக்குக் காட்டுகிற சிரத்தையைக் கவிதைக்குக் காட்டக் கூடாதா?” தமிழில் இந்தக் கேள்விக்கு ஒரு மரபு இருக்கிறது. எழுத்தாளன் வேறு எதையாவது ரசித்துச் செய்தால் அது எழுத்திலிருந்து திருடியதாகக் கணக்கு. வங்கிக்குப் போகிற எட்டு மணி நேரம் மட்டும் திருட்டில் சேராது, ஏனென்றால் அதை யாரும் ரசிப்பதில்லை. அவர் எதிர்பார்த்தது, பசை கலப்பதிலிருந்து நான் கவிதைக்கு ஒரு உவமை எடுத்துக் கொடுத்துத் தப்பிப்பேன் என்று. உருவம், உள்ளடக்கம் என்ற இரண்டு குழாய்கள், சம அளவு, நன்றாகக் கலக்க வேண்டும் என்ற மாதிரி. அது பொய் உவமை. கவிதையில் இரண்டு குழாய்கள் இல்லை. பசை பசையாகவே இருக்கட்டும் என்றேன். அவருக்கு உறைக்கவில்லை. நம் பத்திரிகைக்கு மேலுறை ஒட்ட மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி வராமல் துளி மயில்துத்தம் சேர்க்கும்படி சொன்னதை மட்டும் குறித்துக்கொண்டார்.

மூக்கில் சக்கரமுள்ள விமானம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வால் பக்கம் உட்கார்ந்துவிடாமல் இருக்க மூக்குக்குள் ஈயக் குண்டு போடுவார்கள். அதைப் பெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் புதைக்கக் கூடாது. அந்தப் பசையிலிருந்து கசியும் அமிலத்தில் ஈயம் மெல்ல அரித்து, வெள்ளைப் பொடியாக உப்பி, வருஷங்கள் கழித்து மாடலை உள்ளிருந்தே பிளக்கும். ரயில் எஞ்சின் மாடல் செய்கிறவர்கள் பாய்லர் வெடித்த பிறகு கண்டுகொண்டது இது. எபாக்ஸியில் போட வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்கு மட்டும் வெள்ளைப் பசை நல்லது. பெவிக்விக்கின் ஆவி கண்ணாடியைப் பனி படிந்தாற்போல் மங்கவைக்கும்.

வலப்பாதி முடிந்து அச்சிலிருந்து எடுத்தாயிற்று. இடப்பாதியில் ஒன்பது பட்டைகள் பாக்கி. ஐந்து நிமிஷத்தில் இறுகும் ரகத்தை நான் வாங்குவதில்லை. பழைய மெதுவான ரகம், பரப்பி வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுக்கும். மாத்திரை காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. பத்து மணி மாத்திரை வேலை செய்யத் தொடங்குவது பத்தே முக்கால் வாக்கில். பன்னிரண்டரைக்குப் பிறகு கை கனத்துவிடுகிறது. போன வருஷம் ஒன்றரை வரை தாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தரைக்குப் பால் கவரை ஒட்டி, இரண்டு குழிகளையும் நிரப்பி, ஈர்க்குச்சியைச் சீவி வைத்துவிடுகிறேன்.