தோல்விகள் மட்டும் பதிவாகவில்லை

வெற்றி பெற்றதெல்லாம் பதிவேட்டில் இருந்தது. தோற்றது ஒன்றுகூட இல்லை. பெங்களூரில் ஒரு நிதி நிறுவனத்தின் பணப் பரிமாற்ற சேவையைப் பராமரிக்கும் அந்தப் பெண் இன்ஜினியருக்கு இது தெரியவந்ததே ஒரு புகாரால்தான். மூன்று முறை முயன்றும் பணம் போகவில்லை என்றார் வாடிக்கையாளர். அப்படி ஒரு முயற்சியே நடக்கவில்லை என்றது பதிவேடு. பொய் சொன்னது பதிவேடுதான்.

சேவை ஜாவாவில், ஸ்பிரிங் கட்டமைப்பின் மீது எழுதப்பட்டது. அதில் ஒரு மெத்தடை அழைத்தால் அழைப்பு நேராக அதனிடம் போய்விடாது. கலெக்டர் அறை வாசலில் டவாலியும் பி.ஏ.வும் நிற்பதுபோல வழியில் இன்டர்செப்டர்கள் நிற்கின்றன. ஒன்று அனுமதியைச் சரிபார்க்கும். ஒன்று நடந்ததை ஆடிட் பதிவேட்டில் எழுதும். இன்னொன்று டேட்டாபேஸ் டிரான்ஸாக்ஷனைத் தொடங்கி, எல்லாம் சரியாக முடிந்தால் உறுதி செய்யும். பிழை வந்தால் நடந்ததையெல்லாம் அழித்துப் பழைய நிலைக்குத் திருப்பும். உள்ளே போகும்போது முதலில் எதிர்ப்படும் இன்டர்செப்டர்தான் வெளியே வரும்போது கடைசி. 2004-ல் ஸ்பிரிங்கின் முதல் பதிப்பு வந்தபோதே இந்த ஏற்பாடு உண்டு. இதன் கவர்ச்சி, பணத்தை மாற்றும் மெத்தடுக்குள் இந்தச் சில்லறை வேலைகள் ஒரு வரிகூடத் தெரியாது என்பது. ஆபத்தும் அதுவே.

ஆடிட் இன்டர்செப்டர் டிரான்ஸாக்ஷனுக்கு உள்ளே நின்றிருந்தது. பரிமாற்றம் தோற்றதும் 'தோல்வி' என்று கடமை தவறாமல் எழுதியது. அடுத்த கணமே டிரான்ஸாக்ஷன் எல்லாவற்றையும் திருப்பியபோது அந்த வரியும் சேர்ந்து அழிந்தது. வெற்றிகளில் எந்தக் குறையும் தெரியவில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ஒரு பதிவேடு எப்போது தேவையோ அப்போது மட்டும் காலியாக இருப்பதைவிட, பதிவேடே இல்லாமலிருப்பது மேல்.

யார் முன்னே என்பதை எண்தான் முடிவு செய்கிறது. சிறிய எண் வெளியே, பெரிய எண் உள்ளே. எண் எதுவும் கொடுக்காவிட்டால் கிடைப்பது 2147483647. ஸ்பிரிங்கின் டிரான்ஸாக்ஷனுக்கும் இயல்பாக இதே எண்தான். ஆடிட்டை எழுதியவர் எண் கொடுக்கவில்லை. இருவருக்கும் ஒரே எண் என்றால் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. ஸ்பிரிங்கின் கையேடு இதை ஒளிக்கவில்லை. படித்தவர்கள்தான் குறைவு. (ஜகார்த்தா இன்டர்செப்டர்களில் 0, 1000, 2000 என்று தளத்துக்கும் நூலகத்துக்கும் பயன்பாட்டுக்கும் தனித்தனி எல்லைகளே வகுத்திருக்கிறார்கள். கொஞ்சம் அதிகார வர்க்க வாடைதான், ஆனால் குழப்பம் குறைவு.)

அவர் ஆடிட்டுக்கு 10 கொடுத்தார். டிரான்ஸாக்ஷனுக்கு 2000. இடையில் தாராளமாக இடம் விட்டார். அந்த இடம் உடனே தேவைப்பட்டது. டேட்டாபேஸ் முட்டுக்கட்டையில் சிக்கினால் மறுபடி முயலும் இன்டர்செப்டர் ஒன்றும் எண்ணில்லாமல் இருந்தது. அது டிரான்ஸாக்ஷனுக்கு உள்ளே நின்றால் மறுமுயற்சியால் பயனில்லை. முதல் தோல்வியிலேயே கெட்டுப்போன டிரான்ஸாக்ஷனில்தான் இரண்டாவது முயற்சியும் நடக்கும். வெளியே நின்றால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது டிரான்ஸாக்ஷன். அதற்கு 1000 கொடுத்தார்.

கூடவே ஒரு சோதனையும் எழுதினார்: பரிமாற்றத்தை வேண்டுமென்றே தோற்கடித்து, ஆடிட் வரி பிழைக்கிறதா என்று பார்க்கும் சோதனை. பழைய சோதனைகள் மெத்தடை நேரடியாக அழைத்தன. இன்டர்செப்டர்கள் நிற்கும் வாசல் வழியாக அவை போகவே இல்லை. ஒரு வகுப்பு தன் மெத்தடைத் தானே அழைக்கும்போதும் இதே கதைதான். பின்கட்டு வழியாக நுழைபவரை டவாலி எப்படித் தடுப்பார்?

மிச்சமிருந்தது ஒரே கேள்வி. ஆடிட் மறுமுயற்சிக்கு வெளியே நிற்பதால், மூன்று முறை முயன்று நான்காவதில் ஜெயித்த பரிமாற்றம் பதிவேட்டில் ஒரே வரியாக, வெற்றியாக மட்டுமே தெரியும். உள்ளே வைத்தால் நான்கு வரிகள் வேண்டும். அவை பிழைக்க, டிரான்ஸாக்ஷனுக்கு வெளியேயும் இருக்கவேண்டும். எது சரி? இதற்கு ஜாவாவில் விடை இல்லை. அவர் நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டார். இத்தனை நாளில் அவர்களிடம் இப்படி ஒரு கேள்வி போனது அதுதான் முதல் முறை. நான்கு வரிகளும் வேண்டும் என்று பதில் வந்தது. ஆடிட்டின் எண் 1500 ஆனது.