மலையில் ஒரு வெற்றிடப் பம்பு

ஏலத் தோட்டத்துக் கூலியை நம்பிப் போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுள் சிலர், இன்று கைத்தொழில் கற்று வீட்டிலேயே பட்டறை வைக்க முனைகின்றனர். அவர்களுள் குளிர்பெட்டி பழுது பார்ப்பவருக்கு ஒரு வெற்றிடப் பம்பு இன்றியமையாதது. அதனைப் புதிதாக வாங்குவதா, பழையதாக வாங்குவதா என்னும் கேள்வி, சீட்டுப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் வீட்டில் சிறிய கேள்வியன்று.

அப்பம்பின் வேலை என்ன? குளிர்பெட்டியின் குழாயைத் திறந்தால் காற்றும் ஈரமும் உட்புகும். ஈரம் தங்கிவிட்டால், மயிரிழை போன்ற நுண்குழாயில் அது பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். ஆகவே வாயு நிரப்புவதற்கு முன் குழாயை உலர்த்த வேண்டும். அழுத்தத்தைக் குறைத்தால் நீர், நெருப்பில்லாமலே கொதிக்கும். 20 பாகை வெப்பத்தில், அழுத்தம் பாதரச அளவில் 17.5 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் போதும்; 15 பாகைக் குளிரில் 12.8 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். நம் ஆடி மாதத்துச் சாரலில் பம்பு நெடுநேரம் ஓட வேண்டியிருப்பது இதனால்தான்.

நம் அண்டை வீட்டு இளைஞன் ஒருவன், மதுரையில் பழைய பொருள் விற்கும் கடையொன்றில் இரண்டு கட்டப் பம்பு ஒன்றை, புதியதன் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கினான். கடையில் ஓட்டிக் காட்டியபோது அளவுமானியின் முள் 29 அங்குலத்தைத் தாண்டி நின்றதாம். மலையேறி வந்து வீட்டில் ஓட்டினால், அதே முள் 26-க்கு மேல் சற்றே ஏறி நின்றுவிட்டது. “கடையிலே ஒன்றைக் காட்டி, கட்டும்போது வேறொன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டான் சார்” என்று அவன் தந்தையார் கொதித்தார். மறுநாளே கீழிறங்கிச் சென்று கடைக்காரரைக் கேட்பது என்று முடிவாயிற்று. ஒரு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் மட்டுமன்றி, ஒரு மனிதரின் நாணயமும் அந்த முள்ளின் நுனியில் இருந்தது.

நாம் அவர்களுக்கு எடுத்துரைத்தது ஒரு பழைய செய்தி. கடல்மட்டத்தில் காற்று, பாதரசத்தை 76 செண்டிமீட்டர் உயரம் தாங்கி நிறுத்தும். பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர், மலையுச்சியில் அது எவ்வளவு நிற்கும் என்று அறிய விரும்பினார். அவர் வேண்டுகோளின்படி அவருடைய தமக்கையின் கணவர் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று பியுய் த டோம் மலைமீது பாதரசக் குழாயுடன் ஏறினார். அடிவாரத்து ஊரைவிட உச்சியில் பாதரசம் எட்டு செண்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து நின்றது.

கடலிலிருந்து நம் மலைக்கு வந்தாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 67 செண்டிமீட்டர், அதாவது 26.5 அங்குலம். சாதாரண அளவுமானி, வெளிக்காற்றிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதையே காட்டும். வெளியில் இருப்பதே 26.5 என்றால், உள்ளே அணுவும் இல்லாமல் இறைத்தாலும் முள் 30-ஐத் தொடாது. பம்பு மாறவில்லை, இடம் மாறிற்று.

ஆயினும் அந்த முள்ளை வைத்துப் பம்பு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். குளிர்பெட்டிக் குழாய்க்கு வேண்டிய வெற்றிடமோ அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். அதைக் காட்டவல்லது மைக்ரான் மானி ஒன்றே. மூத்த மெக்கானிக் ஒருவரிடம் அதனை இரவல் பெற்று, பம்பின் வாயில் நேரே பொருத்திப் பார்த்தோம். முதலில் 500-க்கு இறங்கவில்லை. எண்ணெயை வடித்துப் பார்த்தால் மோர்போல் வெளுத்திருந்தது. நீர் கலந்ததன் அடையாளம் அது. வெற்றிடப் பம்புக்குரிய எண்ணெயை இருமுறை மாற்றி ஓட்டியபின் 200-க்கும் கீழே இறங்கிற்று. தந்தையாரின் மதுரைப் பயணம் நின்றது.

எனவே பழையது வாங்குவோர் முள்ளை மட்டும் பாராது, எண்ணெயைப் பார்க்க. மைக்ரான் மானியுடன் செல்க. எண்ணெயில் சேரும் நீராவியை வெளியேற்ற உதவும் கேஸ் பல்லாஸ்ட் திருகு திறந்து மூடுகிறதா என்று காண்க. மழைக்காலத்தில் மின்சாரம் திடீரென நின்றால், பம்பின் எண்ணெய் குழாய்க்குள் இழுக்கப்படும். அதைத் தடுக்கும் வால்வு இல்லாவிடில் தனியே ஒன்று பொருத்துக. பழைய குளிர்பெட்டிக் கம்ப்ரசரையே பம்பாக்கும் வழக்கமும் உண்டு. ஆழ்ந்த வெற்றிடத்திற்கும் ஈரத்திற்கும் அது ஏற்றதன்று.

புதியதே வாங்க வேண்டிய இடமும் ஒன்றுண்டு. இக்காலக் குளிர்பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ என்னும் வாயு எளிதில் தீப்பற்றுவது. பழைய பம்பின் சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும், பட்டறையோடு வீடும் எரிய. அவ்வேலைக்கென்றே செய்த பம்பினை வாங்குவதில் சிக்கனம் பார்த்தல் ஆகாது. பட்டறை இருப்பது வீட்டுக்குள். பக்கத்து அறையில் உறங்குவது நம் பிள்ளைகள்.

மலையில் வாழும் நாம், சமவெளியின் அளவைக் கொண்டு ஒரு பொருளையோ ஒரு மனிதரையோ பழிக்குமுன், நிற்கும் உயரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோமாக.