மொட்டைமாடியில் ஒரு செய்யுள்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குக் கணக்குச் சபை கூடுகிறது. கட்டணம் இல்லை, தேர்வும் இல்லை. ஒரு கரும்பலகை, இரண்டு கோரைப்பாய்கள், சுக்குக் காப்பி, அவ்வளவே. நடத்துபவர் கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் நண்பர். கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் தமிழ் விரிவுரையாளர்கள். பாய் விரிப்பதும், பின்வரிசையில் அமர்ந்து கேட்பதுமே எங்கள் பங்கு. பள்ளி நாட்களில் கணக்கு வகுப்பில் "ஏன்?" என்று கேட்டுப் பெஞ்சின்மேல் நின்றவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் அச்சமின்றிக் கேட்பதைக் காண்பதில் எங்களுக்கு ஒரு தனி நிறைவு.

நண்பர் தமக்கு முன்னோடியாகச் சொல்வது பி.கே. சீனிவாசனை. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியராக இருந்தவர். இராமானுஜனின் கடிதங்களையும், அவரை அறிந்தோரின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968ல் நூலாக்கியவர். 1993ல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவாகக் காரணமானவர். 2005ல் மறைந்தார். எங்கள் பக்கத்திலும் பெரிய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. தரமணியில் 1962ல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. ஆனால் முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் வளரும் பிள்ளைக்கு அவற்றின் வாசல் பேருந்துத் தொலைவில் மட்டும் இல்லை. இடையில் ஒரு படிக்கட்டு வேண்டியிருக்கிறது.

பதினேழு பேரோடு தொடங்கிய சபை இப்போது ஆறு பேராகிவிட்டது. "இதனால் மதிப்பெண் கூடுமா?" என்று பெற்றோர் கேட்டார்கள். கூடும் என்று பொய் சொல்ல நண்பருக்கு மனம் வரவில்லை.

எஞ்சிய அறுவருள் ஒருத்தி ஷேர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், பத்தாம் வகுப்பு. சபை சோர்ந்திருந்த ஒரு ஞாயிறன்று, எங்கள் பங்குக்கு ஏதேனும் செய்வோம் என்று, போதையனார் பெயரால் மின்னஞ்சலிலும் வாட்ஸப்பிலும் பல காலமாகச் சுற்றிவரும் செய்யுளைப் பலகையில் எழுதினோம். செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒன்றைத் தள்ளி, எஞ்சியதோடு உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வந்துவிடும் என்பது அதன் பொருள். நான்கும் மூன்றும் என்றால், மூன்றரையோடு ஒன்றரை, ஐந்து. வர்க்கமூலமே வேண்டாம். "பிதாகரசுக்கு முன்பே நம்மவர் கண்டது" என்று ஆண்டுதோறும் வகுப்பில் நாங்கள் முழங்குவதையும் மறவாமல் சேர்த்துக்கொண்டோம்.

அவள் எழுதிப் பார்த்தாள். "பன்னிரண்டு, ஐந்துக்குப் பதின்மூன்று சரியாக வருகிறது, ஐயா. ஆனால் பதினைந்து, எட்டுக்குப் பதினேழு வரவேண்டும். பதினேழேகால் அரைக்கால் கூட இல்லை, பதினேழே அரைக்கால் வருகிறது. இருபத்து நான்கு, ஏழுக்கு இருபத்தைந்து வரவேண்டும். இருபத்து நாலரைதான் வருகிறது."

எங்களுக்குச் சுருக்கென்றது. ஏதோ வழுவி எழுதியிருப்பாள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தோம். வழு அவளுடையதன்று. அச்செய்யுளின் நடையும் சொல்லாட்சியும் சங்க காலத்தவை அல்ல என்பதை முதுகலை படித்த நாங்கள் ஒருமுறை கூர்ந்து படித்திருந்தாலே உணர்ந்திருப்போம். பெருமை கண்ணை மறைத்திருந்தது.

நண்பர் விடை சொல்லவில்லை. "எப்போது சரியாக வரும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரம் கழித்து அவள் இருபடிச் சமன்பாடு ஒன்றோடு வந்தாள். அதற்கு இரண்டே தீர்வுகள். பக்கங்கள் நான்குக்கு மூன்று என்ற விகிதத்திலோ, பன்னிரண்டுக்கு ஐந்து என்ற விகிதத்திலோ இருந்தால் மட்டுமே விதி துல்லியம். அவற்றுக்கு இடைப்பட்டால் சற்றே மிகும். வெளியே போனால் குறையும். "அந்த இரண்டுக்கும் பொருந்தும்படி யாரோ தெரிந்தே அமைத்திருக்கிறார்கள், ஐயா" என்றாள்.

யாரென்று தெரியாத அந்த ஒருவர்மீது, பொய்யான பழைமையைச் சூட்டி முழங்கிய ஆண்டுகளில் தோன்றாத மரியாதை, அன்று எங்களுக்குத் தோன்றியது. முழக்கோலும் கயிறுமாக வேலை செய்பவனுக்கு வர்க்கமூலமின்றிப் பயன்படும் ஒரு கைக்கணக்கு அது, தேற்றம் அன்று. மறுநாள் வகுப்பில், இத்தனை ஆண்டு சொல்லிவந்தது தவறு என்று மாணவர்களிடம் சொன்னோம். எளிதாக இல்லை. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். மூவர் அச்சமன்பாட்டை எழுதிக்கொண்டார்கள்.

அடுத்ததாகக் கணக்கதிகாரத்தின் பலாப்பழக் கணக்கை அவளிடம் கொடுத்திருக்கிறோம். காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை என்கிறது அந்நூல். "ஒரு பழம் போதாது, ஐயா, பத்தாவது வேண்டும்" என்றாள். பண்ருட்டிப் பலா தாம்பரம் சந்தைக்கு வந்து இறங்கும் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.