பாடுவதற்கு ஓர் இடம்



டோக்கியோ நகரின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அவர்களில் கணினித் துறையில் பணிபுரிவோர் மிகுதி. அங்கே ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் செய்தி கொடுக்கும் கிருபையைக் கர்த்தர் எனக்குத் தந்தார். கூட்டம் முடிந்ததும் வாலிபர் மூவர் என்னிடம் வந்து, "ஐயா, நாளை சனிக்கிழமை இரவு எங்களோடு பாட வருவீர்களா?" என்று அழைத்தார்கள். ஆராதனைக்கு அழைக்கிறார்கள் என்றெண்ணி மகிழ்ச்சியோடு சம்மதித்தேன். அவர்கள் அழைத்தது கரோக்கேக்கு என்பது பின்னரே விளங்கியது.

உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் தயங்கினேன். ஆகையால், "எங்கே போகிறோம்?" என்பதே என் முதற்கேள்வியாயிற்று. நல்ல கேள்விதான். ஆனால் அதற்குக் கிடைத்த பதில் என்னையே நியாயம் விசாரிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜப்பானில் பாடுவதற்குப் பலவகை இடங்கள் உண்டு என்று அவர்கள் விளக்கினார்கள். முதலாவது, 'ஸ்நாக்' எனப்படும் சிறு மதுக்கடை. அதை நடத்தும் பெண்மணியை 'மாமா' என்று அழைப்பார்கள். நம் செவிக்கு அது ஆண் உறவாக ஒலித்தாலும், அங்கே அம்மா என்பதே பொருள். முன்பின் அறியாதவர் முன்னிலையில் ஒருவர் பாட, மற்றவர் கைதட்டுவர். இரண்டாவது, 'கரோக்கே பாக்ஸ்' எனும் தனியறை. 1985-ல் ஒக்கயாமா பகுதியில் சரக்குப் பெட்டகம் ஒன்றை அறையாக மாற்றியமைத்ததிலிருந்து இது தொடங்கியது. அங்கே உங்களோடு வந்தவர் மட்டுமே உங்கள் குரலைக் கேட்பர். மூன்றாவது, 'ஹிதோகரா', அதாவது ஒருவர் தனியாகச் சென்று பாடுவது.

நாங்கள் இரண்டாவதைத் தெரிந்துகொண்டோம். நீங்கள் அங்கே செல்ல நேர்ந்தால் உதவும் என்பதற்காகச் சிலவற்றைச் சொல்லுகிறேன். பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று அரைமணி நேரக் கணக்கில் கட்டணம்; பகலில் குறைவு, வார இறுதி இரவுகளில் அதிகம். ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கவேண்டும் என்பது பல இடங்களில் விதி. தேநீரோ பழரசமோ போதும், மது அருந்தாதவருக்கு ஒரு நெருக்கடியும் இல்லை. வீதியில் நின்று கையைப் பிடித்து இழுப்பவர் பின்னே மாத்திரம் போகாதீர்கள். கட்டணத்தை வாசலில் எழுதி வைத்திருக்கும் கடையே நல்லது. நள்ளிரவை ஒட்டி இரயில்கள் நின்றுவிடும், மீண்டும் விடியற்காலையில்தான் ஓடும் என்பதையும் மறவாதீர்கள்.

நடந்து போகையில், மூவரில் ஒரு தம்பி, "ஐயா, நான் வார நாட்களில் தனியாகத்தான் வந்து பாடுவேன்" என்றான். "ஏன் தனியாக? ஞாயிறு கூடுகையில் இவர்களோடு பாடலாமே" என்றேன். அவன் புன்னகைத்தான், பதில் சொல்லவில்லை. அந்தப் புன்னகை எனக்குப் பழையது. 12 ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த சபையில் அவன் பாடகர் குழுவில் இருந்தான். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முந்தின நாள் ஒத்திகையில், எல்லாரும் கேட்க, "தம்பி, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்று சொன்னவன் நான். சொன்னதை மறந்தும் போனேன். அவனோ மறக்கவில்லை.

பிரியமானவர்களே, கரோக்கே என்னும் சொல்லில் 'கரா' என்பது வெறுமை. 'ஓக்கே' என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். பாடகனின் இடத்தை வெறுமையாக விட்டுக் காத்திருக்கும் இசை அது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான டைசுகே இனோவே, கோபே நகர மதுக்கடைகளில் வாடிக்கையாளர் பாடும்போது பக்கவாத்தியம் வாசித்தவர். தாளம் தவறிப் பாடும் ஒருவர், தம்மோடு ஒரு பயணத்துக்கு வந்து வாசிக்குமாறு அவரை அழைத்தார். போக இயலாததால், அவர் பாடும் விதத்துக்கு ஏற்ப வாசித்து, ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தார் இனோவே. அந்த அனுபவத்திலிருந்தே 1971-ல் அவருடைய இயந்திரம் பிறந்தது. அதற்கு அவர் காப்புரிமையும் பெறவில்லை. பலவீனமான குரலுக்கு அவர் இசையை இசையவைத்தார். நானோ, இசைக்காக ஒரு குரலை அடக்கினேன்.

அறைக்குள் இருந்த இயந்திரம் ஒவ்வொரு பாட்டுக்கும் மதிப்பெண் போட்டது. சற்றுநேரத்தில் அதை நிறுத்தச் சொன்னேன். பின்பு அந்தத் தம்பியிடம் அன்று ஒத்திகையில் நடந்ததைச் சொல்லி, மற்ற இருவர் முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்பாகவும் காயப்படுத்திவிட்டு இரகசியமாக மன்னிப்புக் கேட்பது நியாயமாகுமா? அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு கீர்த்தனை பாடலாமா, ஐயா?" என்றான். அவன் தேடிய பாட்டு இயந்திரத்தில் இல்லை. இசையின்றியே பாடினான். சுருதி இன்றும் விலகித்தான் போயிற்று. அடுத்த அறையிலிருந்து யாரோ பாடும் ஓசை சுவரைத் தாண்டி வந்தது. நான் அழுதேன்.

பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினதை நினைத்துப்பாருங்கள். அடிபட்ட உடல்; தொழுமரத்தில் மாட்டப்பட்ட கால்கள். அவர்கள் குரல் இனிமையாயிருந்ததென்று வேதம் கூறவில்லை. காவலிலிருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றே கூறுகிறது.

உங்கள் வார்த்தையால் பாடுவதை நிறுத்திவிட்ட ஒருவர் உங்கள் வீட்டிலோ சபையிலோ இருக்கிறாரா? அவர் இப்போது எங்கே தனியாகப் பாடுகிறார் என்று விசாரித்துப் பாருங்கள். இந்த வாரமே அவரிடம் போங்கள். உங்கள் நடுவே அவருக்கு ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள்.

ஜெபம்: பிதாவே, எங்கள் நாவினால் நாங்கள் அடக்கிப்போட்ட குரல்களுக்காக எங்களை மன்னியும். அவர்கள் பாடும்போது பொறுமையோடு கேட்கும் செவியை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.